சிறுநீர்த் தொற்றுக்கு கிரீன் டீ குடிக்கலாமா? பாக்டீரியாவைக் கொல்லும் என்று சொல்கிறார்களே

வைகைக்கரை வாசகி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் தாயாருக்கு 62 வயதாகிறது. ஓராண்டுக்கும் மேலாகச் சிறுநீர்த் தொற்று அவருக்கு விட்டு விட்டு வந்துகொண்டிருக்கிறது. இம்முறை கல்ச்சர் பரிசோதனையில் ஈ.கோலை பாக்டீரியா வளர்ந்திருப்பதாக அறிக்கை வந்ததையடுத்து, மருத்துவர் அதற்கேற்ற ஆன்டிபயாடிக் மாத்திரையை எழுதிக் கொடுத்து, எரிச்சல் அடங்கினாலும் இடையில் நிறுத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஆனால் வயிற்றைப் புரட்டுகிறது என்று காரணம் காட்டி, அம்மா மாத்திரையைத் தட்டிக் கழிக்கப் பார்க்கிறார்.

இந்த நேரம் பார்த்து என் சித்தப்பா ஒரு வாட்ஸ்அப் செய்தியை அனுப்பிவைத்தார். எகிப்தில் நடந்த ஆராய்ச்சியில், மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளைக்கூட கிரீன் டீ அழிப்பதாகவும், ஆன்டிபயாடிக்கின் வீரியத்தைப் பன்மடங்கு கூட்டுவதாகவும் நிரூபித்துவிட்டார்களாம். அன்றிலிருந்து அம்மா, "கசப்பாக இருந்தாலும் இலைதானே, கெடுதல் ஒன்றும் இல்லையே" என்று சொல்லி, மாத்திரையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு கிரீன் டீயை நாலைந்து கோப்பை குடிக்கலாம் என்ற முடிவுக்கு வந்துவிட்டார். ரத்தச்சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரையும் ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரையும் அவர் ஏற்கெனவே எடுத்து வருகிறார்.

கிரீன் டீ குடித்தால் உடலுக்குள் இருக்கும் பாக்டீரியா உண்மையிலேயே சாகுமா? மாத்திரையோடு சேர்த்துக் குடித்தால் நன்மை கூடுமா, அல்லது ஒன்றுக்கொன்று முரணாகிவிடுமா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் அம்மாவிடம் எடுத்துச் சொல்ல எனக்குக் கைகொடுக்கும்.

அகார் தட்டு பதில்:

வாசகி அவர்களுக்கு வணக்கம். கல்லூரி ஒன்றின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால் இதற்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன். முதலில் ஒன்று: அம்மா மாத்திரையைக் குறைக்கக் கூடாது. மருந்தைப் பாதி அளவில் எடுத்தால், எளிதில் மடியக்கூடிய பாக்டீரியா மடிந்து, தாக்குப்பிடிக்கக் கூடியவை மட்டும் மிஞ்சிப் பெருகும். வயிறு புரட்டுவது தாங்க முடியாமல் இருந்தால், சாப்பிட்ட பின் எடுக்கலாமா, வேறு மருந்துக்கு மாறலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதற்கு வழி இருக்கும்.

உங்கள் சித்தப்பா அனுப்பிய செய்தி கட்டுக்கதை அன்று. 2008ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் நடைபெற்ற நுண்ணுயிரியல் கூட்டமொன்றில், எகிப்தின் அலெக்சாண்டிரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெர்வத் காசம் தம் குழுவினரின் ஆய்வை முன்வைத்தார். நோய் உண்டாக்கும் 28 நுண்ணுயிர்களின் மீது ஆன்டிபயாடிக்குகளைத் தனியாகவும் கிரீன் டீயுடன் சேர்த்தும் சோதித்ததில், சேர்த்தபோது மருந்தின் கொல்லும் திறன் கூடியதாக அவர்கள் தெரிவித்தார்கள். ஆனால் கிருமியையும் மருந்தையும் தேநீரையும் அவர்கள் ஒன்றுசேர்த்தது ஆய்வகத்தில். நோயாளியின் உடலில் அன்று. பகிரப்பட்டுப் பகிரப்பட்டு வந்த செய்தியில் உதிர்ந்துபோனது அந்த ஒரு வரிதான்.

தேநீருக்குக் கிருமியைக் கொல்லும் திறன் உண்டு என்பது நூறாண்டுக்கு முந்தைய செய்தி. பிரிட்டிஷ் ராணுவ மருத்துவரான மேஜர் மெக்நாட் என்பவர், டைஃபாய்டு கிருமியைத் தேநீரில் விட்டுவைத்தால் சில மணி நேரத்தில் அதன் எண்ணிக்கை சரிவதைக் கண்டு, படைவீரர்களின் குப்பிகளில் தண்ணீருக்குப் பதிலாகத் தேநீரை நிரப்பலாம் என்று 1906ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். எண்பதுகளின் இறுதியிலிருந்து ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைத் தீவிரமாகத் தொடர்ந்து, கேட்டச்சின்கள் என்னும் பாலிஃபீனால் வகைத் தாவரச் சேர்மங்களே, குறிப்பாக எபிகேலோகேட்டச்சின் கேலேட் என்ற இ.ஜி.சி.ஜி.யே, இதற்கு முதன்மையான காரணம் என்று காட்டினார்கள். இந்தப் பொருள் பாக்டீரியாவின் மேலுறைச் சவ்வில் உள்ள கொழுப்பு அடுக்கைக் குலைத்து, உள்ளே இருப்பதை வெளியே கசிய விடுகிறது. டி.என்.ஏ.வை முறுக்கி அடுக்கும் ஜைரேஸ் என்ற நொதியையும் அது தடுக்கிறது. எம்.ஆர்.எஸ்.ஏ. எனப்படும் மருந்து எதிர்ப்புள்ள ஸ்டாஃபைலோகாக்கஸ் கிருமியிடம், பெனிசிலின் வகை மருந்துகள் இழந்த பிடியை ஓரளவு மீட்டுத் தருவதும் ஆய்வகத்தில் பலமுறை காணப்பட்டதே.

ஆனால் இதில் உங்கள் அம்மாவுக்குச் சாதகமில்லாத செய்தி ஒன்று உண்டு. சவ்வைக் குலைக்கும் இந்த வேலை ஸ்டாஃபைலோகாக்கஸ் போன்ற கிராம்-பாசிடிவ் வகையிடம் எளிதாக நடக்கிறது. ஈ.கோலை கிராம்-நெகடிவ் வகையைச் சேர்ந்தது. அதற்கு வெளியே இன்னொரு சவ்வு கவசம்போல் அமைந்திருப்பதால், கேட்டச்சின் அதனை அவ்வளவு எளிதில் நெருங்க முடிவதில்லை.

முதுகலை மாணவர்கள் ஆண்டுதோறும் விரும்பி எடுக்கும் செய்முறை இது என்பதால், கண்ணால் காண்பது எப்படி இருக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். முல்லர்-ஹின்டன் அகார் என்ற வளர்ப்பு ஊடகம் ஊற்றிய தட்டில் கிருமியைப் பரப்பி, நடுவே சிறு குழி வெட்டி, அதில் தேயிலைச் சாற்றை விட்டு, 37 டிகிரி வெப்பத்தில் ஓர் இரவு வைத்துவிடுவோம். காலையில் எடுத்துப் பார்த்தால், தட்டு முழுவதும் வெண்மேகமாகக் கிருமி படர்ந்திருக்க, குழியைச் சுற்றி மட்டும் தெளிந்த வளையம் ஒன்று தெரியும். ஸ்டாஃபைலோகாக்கஸ் தட்டில் அந்த வளையம் பளிச்சென்று இருக்கும், ஈ.கோலை தட்டில் பல நேரம் அளவுகோலை வைத்துத் தேடவேண்டியிருக்கும். வளையத்தைக் கண்டவுடன் மாணவர்கள் துள்ளிக் குதிப்பார்கள். குழியில் ஊற்றியது எவ்வளவு தூளை எவ்வளவு சாராயத்தில் ஊறவைத்துச் சுண்டக் காய்ச்சிய சாறு என்று கேட்டால்தான் சற்று அடங்குவார்கள். அதுபோக, இ.ஜி.சி.ஜி. வளர்ப்பு ஊடகத்திலேயே காற்றுடன் வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். ஆகவே தட்டில் காணும் விளைவில் ஒரு பங்கு அதனுடையதாகவும் இருக்கக்கூடும்.

இனி உடலுக்குள் வருவோம். ஸ்டாஃபைலோகாக்கஸைத் தடுப்பதற்கே மில்லிலிட்டருக்கு 50 முதல் 100 மைக்ரோகிராம் இ.ஜி.சி.ஜி., சில வகைகளுக்கு அதற்கும் மேலாகத் தேவைப்படுகிறது. ஓரிரு கோப்பை கிரீன் டீ குடித்தவரின் ரத்தத்தில் அது மில்லிலிட்டருக்குப் பொதுவாக அரை மைக்ரோகிராமைக்கூட எட்டுவதில்லை. நூறு மடங்குக்கும் மேற்பட்ட இந்த இடைவெளியைக் கோப்பைகளின் எண்ணிக்கையைக் கூட்டி நிரப்ப முடியாது. ஏனெனில் குடலில் உறிஞ்சப்படுவதே மிகச் சொற்பம், உறிஞ்சப்பட்டதையும் கல்லீரலும் குடற்சுவரும் உடனுக்குடன் வேறு வடிவத்துக்கு மாற்றிவிடுகின்றன.

சிறுநீரைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் ஒரு படி பின்னடைவு. ரத்தத்தில் சேர்ந்த இ.ஜி.சி.ஜி. பெரும்பாலும் பித்தத்தின் வழியாக வெளியேறுகிறது. சிறுநீரில் அது ஏறக்குறைய வருவதே இல்லை. எபிகேலோகேட்டச்சின் என்ற அதன் பங்காளிதான், அதுவும் பெரும்பாலும் உருமாறிய நிலையில், சிறுநீரில் வருகிறது. சிறுநீர்த் தொற்று நோயாளிகளிடமிருந்து எடுத்த ஈ.கோலை வகைகளை கிரீன் டீ சாறு தடுப்பதாக 2013இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது உண்மைதான். அங்கே தேவைப்பட்ட அளவு மில்லிலிட்டருக்கு 4 மில்லிகிராம் வரை. அது கோப்பையில் இருக்கும் தேநீரின் அடர்த்திக்கு ஏறத்தாழ நிகர். அந்த அடர்த்தி சிறுநீர்ப்பையில் கிடைக்கவேண்டுமென்றால் தேநீரை அங்கேயே ஊற்றி வைக்கவேண்டும்.

குடிப்பதால் பயன் வேண்டும் என்றால் அம்மாவைத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். அடிக்கடி சிறுநீர்ப்பைத் தொற்று வந்த, தண்ணீர் குறைவாகக் குடிக்கும் பழக்கமுடைய 140 பெண்களிடம் நடத்தி 2018இல் வெளியிடப்பட்ட ஆய்வில், வழக்கத்தைவிட நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் கூடுதலாகக் குடித்தவர்களுக்கு ஓராண்டில் சராசரியாக 1.7 முறையும், மற்றவர்களுக்கு 3.2 முறையும் தொற்று வந்தது. அவர்கள் மாதவிடாய் நிற்காத வயதினர். உங்கள் அம்மாவின் வயதில் தொற்று திரும்ப வருவதற்கு ஹார்மோன் குறைவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதால், அதைத் தனியாக மருத்துவரிடம் கேட்பது நல்லது. இதய நோயோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் தண்ணீரின் அளவையும் அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.

குன்னூர்க் கொழுந்து பதில்:

ஐயா அவர்களின் விளக்கத்துக்கு நன்றி. நீலகிரியில் தேயிலை உற்பத்தியில் இருப்பவன் நான். கிரீன் டீயை விற்பதால் எனக்கு வருமானம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் சிறுநீர்த் தொற்றுக்கு இதை மருந்தாக வாங்குங்கள் என்று நான் யாரிடமும் சொல்லமாட்டேன்.

சாதாரணத் தேயிலையும் கிரீன் டீயும் ஒரே செடியின் கொழுந்திலிருந்துதான் வருகின்றன. கொழுந்தைக் கசக்கிக் காற்றுப்பட விட்டால் அதிலுள்ள நொதி கேட்டச்சின்களை உருமாற்றி, இலையைச் செம்பழுப்பாக்கிவிடும். நாம் பாலூற்றிக் குடிக்கும் டீயின் நிறமும் திடமும் அப்படி வருபவை. கிரீன் டீக்குப் பறித்துவந்த பச்சை இலையை வாட விட்டு வைக்காமல் நீராவியிலோ சூடான உருளையிலோ காட்டி அந்த நொதியைச் செயலிழக்கச் செய்கிறோம். நீராவியிலிருந்து வெளியே வரும் இலை வேகவைத்த கீரையைப் போலத் துவண்டு, பச்சை நிறம் மாறாமல் இருக்கும். அதை உருட்டி உலர்த்தினால் கேட்டச்சின் பெரும்பகுதி அப்படியே நிற்கும். கிரீன் டீ வடிநீரில் கரைந்துள்ள திடப்பொருளில் ஏறத்தாழ 30 சதவீதம் கேட்டச்சின் என்றால், சாதாரணத் தேநீரில் அது 10 சதவீதத்துக்கும் கீழே. அதற்காகச் சாதாரணத் தேநீர் ஒன்றுக்கும் ஆகாது என்று எண்ணிவிடாதீர்கள். ஐயா குறிப்பிட்ட 1906ஆம் ஆண்டுச் சோதனை சாதாரணத் தேநீரில்தான் நடந்தது.

அம்மா கசப்பைப் பற்றிச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலான வீடுகளில் கொதிக்கும் தண்ணீரிலேயே தூளைப் போட்டு, பால் டீயைப் போலக் காய்ச்சுவதால்தான் அந்தக் கசப்பு. அடுப்பை அணைத்துக் கொதி அடங்கிய பிறகு, 75 முதல் 80 டிகிரிச் சூட்டில் இரண்டு மூன்று நிமிடம் ஊறவைத்து வடித்தால் போதும். எலுமிச்சைச் சாறு சில துளிகள் சேர்ப்பதில் ஒரு பலன் இருக்கிறது. குடலின் காரத்தன்மையில் கேட்டச்சின் சிதைவதை அது குறைக்கிறது என்று ஆய்வகச் செரிமானச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். தேன் சேர்ப்பது சுவைக்கு மட்டுமே.

மதுரைப் பல் மருத்துவர் பதில்:

மேலே உள்ள பதில்களைப் படிப்பவர்கள் கிரீன் டீயின் பாக்டீரியா எதிர்ப்பாற்றல் வெறும் ஏட்டளவில்தான் என்று நினைத்துவிடக்கூடும் என்பதால் குறுக்கிடுகிறேன். தேநீர் உறிஞ்சப்பட்டு, உருமாறி, நீர்த்துப்போன பிறகு சென்று சேரும் இடங்களில் அது பலமிழந்து நிற்கிறது. நேராகப் படும் இடத்தில், அதாவது வாயில், கணக்கு வேறு. இரண்டு மூன்று கோப்பைக்குச் சமமான கிரீன் டீயைக் குடித்தவர்களின் உமிழ்நீரில் இ.ஜி.சி.ஜி. மில்லிலிட்டருக்கு 5 முதல் 22 மைக்ரோகிராம் வரை இருந்ததாக 1999இல் வெளியான அளவீடு ஒன்று காட்டுகிறது. இது ரத்தத்தில் உள்ளதைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு. விழுங்காமல் சில நிமிடம் வாயிலேயே வைத்திருந்தால் இன்னும் கூடுகிறது.

அந்த அளவில் கிருமி சாகவேண்டும் என்ற அவசியமே இல்லை. பல் சொத்தைக்கு முதன்மைக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ், நாம் தின்னும் சர்க்கரையிலிருந்து பசைபோன்ற ஒரு பொருளை உருவாக்கி, அதைக் கொண்டு பல்லின்மேல் ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பசையை உருவாக்கும் நொதியைக் கேட்டச்சின்கள் தடுக்கின்றன. ஈறு நோய்க்குக் காரணமான சில கிருமிகளையும், வாய் நாற்றத்துக்குக் காரணமான கந்தகச் சேர்மங்களையும் கிரீன் டீ குறைப்பதாக ஆய்வுகள் உண்டு. ஆனால் உமிழ்நீரில் சேர்ந்த அந்த அளவு பத்து இருபது நிமிடத்துக்குள்ளாகவே பாதியாகிவிடும். ஆகவே காலையில் ஒரு கோப்பை குடித்துவிட்டு இரவில் பல் துலக்காமல் படுப்பவருக்கு அது ஒரு பாதுகாப்பும் தராது. சர்க்கரையோ தேனோ கலந்து குடித்தால், எந்தக் கிருமியைத் தடுக்கக் குடிக்கிறோமோ அதற்கே தீனி போட்டதாகிவிடும். குளோர்ஹெக்சிடின் வாய்க்கழுவி பயன்படுத்துபவர்கள் அதையொட்டித் தேநீர் குடித்தால் பல்லில் பழுப்புக் கறை விரைவாகப் படியும். அந்தக் கறையோடு என்னிடம் வருபவர்கள் பலர்.

தொண்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜப்பானில் தேநீரால் வாய் கொப்பளிக்கும் வழக்கம் உண்டு. அங்கே ஷிசுவோகா மாவட்டத்து உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 700க்கும் மேற்பட்டோரை இரு பிரிவாக்கி, 90 நாள் ஒரு பிரிவினர் கிரீன் டீயாலும் மறு பிரிவினர் தண்ணீராலும் கொப்பளிக்கச் செய்து பார்த்தார்கள். இன்ஃபுளுவென்சா காய்ச்சல் வந்தவர்களின் எண்ணிக்கையில் இரு பிரிவுக்கும் இடையே உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு கிடைக்கவில்லை என்று 2014இல் அறிவித்தார்கள். அது வைரஸ் என்றாலும், வாய்க்கு அடுத்த படியான தொண்டையிலேயே பலன் இவ்வளவு மங்கிவிடுகிறது என்பதைக் கவனிக்கவேண்டும்.

மருந்தக மேசை பதில்:

நான் மருந்தாளுநர். வாசகி அம்மையாரின் இரண்டாவது கேள்விக்கு இன்னும் யாரும் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. மாத்திரையோடு கிரீன் டீ குடிக்கலாமா என்பது எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது. சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கப்படும் சிப்ரோஃப்ளாக்சசின், கஃபீனை உடல் வெளியேற்றும் வேகத்தைக் குறைத்துவிடும். கிரீன் டீயிலும் கஃபீன் உண்டு. எனவே அந்த மாத்திரை எடுத்துக்கொண்டு நாலைந்து கோப்பை குடித்தால் படபடப்பும் தூக்கமின்மையும் வரலாம். எந்த மாத்திரையாக இருந்தாலும், கஃபீன் சிறுநீர்ப்பையைத் தூண்டி, அடிக்கடி போகவேண்டும் என்ற உணர்வைக் கூட்டக்கூடியது. எரிச்சலோடு இருப்பவருக்கு அது வேறு தொல்லை.

இரும்புச்சத்து மாத்திரைதான் இங்கே முக்கியம் என்று நினைக்கிறேன். தேயிலையின் பாலிஃபீனால்கள் இரும்பைப் பிடித்துக்கொண்டு, குடல் உறிஞ்சவிடாமல் செய்துவிடும். ரத்தச்சோகை உள்ளவர் அந்த மாத்திரையைக் கிரீன் டீயோடு விழுங்கினால், மாத்திரைக்குக் கொடுத்த காசில் ஒரு பகுதி வீணாகலாம். ரத்த அழுத்த மருந்தின் பெயரை நீங்கள் எழுதவில்லை. நாடோலால் என்ற மருந்து ரத்தத்தில் சேரும் அளவை கிரீன் டீ வெகுவாகக் குறைக்கிறது என்று ஜப்பானில் 2014இல் கண்டறிந்தார்கள். எல்லா அழுத்த மருந்துக்கும் இது பொருந்தாது என்றாலும், உங்கள் மருந்துச் சீட்டை ஒருமுறை மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ காட்டிக் கேட்டுவிடுங்கள்.

வைகைக்கரை வாசகி எழுதியது:

நேரம் ஒதுக்கி எழுதிய அனைவருக்கும் நன்றி. அகார் தட்டு ஐயாவின் பதிலை அம்மாவிடம் முழுவதும் படித்துக் காட்டினேன். சிறுநீர்ப்பையில் தேநீரை ஊற்றி வைக்கும் இடம் வந்ததும் சிரித்துவிட்டார். மாத்திரையை முழு அளவில் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்துக்கொள்ளச் சம்மதித்தும் விட்டார். மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டதில் அவரும் அப்படியே செய்யச் சொன்னார். கிரீன் டீயை மாலையில் ஒரு கோப்பை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம். இன்னும் ஒரே ஒரு ஐயம். கோப்பையில் குடித்தால் போதிய அளவு ரத்தத்தில் சேராது என்றால், கடைகளில் விற்கும் கிரீன் டீ கேப்சூல்களில் அடர்த்தியாக இருக்குமே, அது பயன்படுமா என்று சித்தப்பா கேட்கிறார்.

அகார் தட்டு பதில்:

வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரு கோப்பையில் சுமார் 50 முதல் 100 மில்லிகிராம் இ.ஜி.சி.ஜி. இருக்கும். கேப்சூல்களில் சிலவற்றை ஒரு நாளைக்குரிய அளவில் எடுத்தால் அது பல நூறு மில்லிகிராமைத் தொட்டுவிடும். நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் கேப்சூலாக எடுத்தவர்களிடம் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகள் ரத்தத்தில் உயர்ந்ததை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் சுட்டிக்காட்டியது. வடித்துக் குடிக்கும் தேநீர் பொதுவாகப் பாதுகாப்பானது என்றும் அதே அறிக்கையில் கூறியது. அவ்வளவு எடுத்தாலும் ரத்தத்தில் சேரும் அளவு, கிருமியைத் தடுக்கும் அளவை எட்டப்போவதில்லை. கல்லீரலைப் பணயம் வைத்து வாங்கும் பலன் என்று அங்கே ஒன்றும் இல்லை.

தேயிலைச் சாறு மருந்தாகவே அங்கீகாரம் பெற்ற ஓர் இடம் உண்டு என்பதையும் சித்தப்பாவிடம் சொல்லலாம். பிறப்புறுப்பில் வரும் மருக்களுக்கு, கிரீன் டீ கேட்டச்சின்களைக் கொண்ட களிம்பு ஒன்றை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2006இல் ஏற்றது. அதுவும் வைரஸால் வருவதுதான். அதுவும் மேலே பூசுவதுதான், குடிப்பது அன்று.

மாலைக் கோப்பையில் தவறில்லை. இரும்புச்சத்து மாத்திரையைக் காலையில் எடுக்கிறார் என்றால் இரண்டுக்கும் இடையே நேரம் தாராளமாக இருக்கிறது. மாத்திரைகளை முடித்த பிறகும் எரிச்சல் இருந்தாலோ, இடையில் குளிர்காய்ச்சலோ முதுகின் பக்கவாட்டில் வலியோ வந்தாலோ காத்திருக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கக்கூடும்.